பாட்டி எந்த மதம்? — 'ஆரியர் அல்லாதவர்' சட்டமும் சில சமஸ்கிருதப் பேராசிரியர்களும்

தமிழ்நாட்டில் 'ஆரியர்' என்ற சொல்லை யாருக்கும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. பாண்டியன் ஒருவனுக்கு 'ஆரியப்படை கடந்த' என்று அடைமொழியே உண்டு. கயிற்றில் நடப்பவர்களின் ஆட்டத்துக்கு ஆரியக்கூத்து என்று பெயர். சில பக்கங்களில் கேழ்வரகையே ஆரியம் என்பார்கள், அது வேறு கதை. மேடையில், பத்திரிகையில், இப்போது யூடியூபில் என்று நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தச் சொல்லை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்தச் சொல் ஒரு நவீன நாட்டின் அரசிதழில் சட்டச் சொல்லாக ஏறி, அதைக் காட்டி ஆட்களை வேலையை விட்டுத் தூக்கிய இடம் ஜெர்மனி. தேதி 1933 ஏப்ரல் 7. ஹிட்லர் பிரதமராகி பத்து வாரம்கூட முடியவில்லை.

நம்ம ஊரில் ஹிட்லர் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் செண்பகராமன் பிள்ளையில் போய் நிற்கும். இந்தியரை இழிவாகப் பேசிய ஹிட்லரை மன்னிப்புக் கேட்க வைத்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அடையாறு காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. அந்தக் கதை இல்லையென்றால் 'இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வேணும் சார்' என்கிற டீக்கடை வசனம். இரண்டிலுமே ஒரு விஷயம் விட்டுப்போகிறது. யூதர்களிடமிருந்து அந்த ஆட்சி உரிமைகளைப் பிடுங்கியது தெருவில் அடித்து மட்டும் அல்ல. கெசட்டில் அச்சடித்து, பாரம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ரசீது கொடுத்துப் பிடுங்கியது. கொலை முகாம்கள் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது.

அந்தச் சட்டங்களை ஒரு சிறிய கூட்டத்தின் வழியாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் சமஸ்கிருதமும் இந்தியத் தத்துவமும் படித்த சிலர், இந்தியாவுக்கு வந்த சிலர். காரணம் எளிது. 'ஆர்ய' என்ற சொல்லுக்கு ரிக்வேதத்தில் என்ன பொருள் என்று உண்மையிலேயே தெரிந்தவர்கள் அந்த நாட்டில் மிகச் சிலர். அவர்களிலும் சிலரை 'நீ ஆரியர் அல்ல' என்று சொல்லி வெளியே அனுப்பியது அந்தச் சட்டம்.

சட்டத்தின் பெயரைக் கேட்டால் ஏதோ நிர்வாகச் சீர்திருத்தம் என்றுதான் தோன்றும்: 'தொழில்முறை அரசுப் பணியை மீட்டமைக்கும் சட்டம்'. அதன் 3ஆவது பிரிவு, ஆரிய வம்சாவளியைச் சேராத அரசு ஊழியர்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றது. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியர், பள்ளி ஆசிரியர், நீதிபதி எல்லாருமே அரசு ஊழியர்கள். ஆகவே ஒரே பிரிவில் எல்லாரும் மாட்டினார்கள். அதே நாளில் வழக்கறிஞர்களுக்கும் தனியாக ஒரு சட்டம் வந்தது. அதே மாதம் 22ஆம் தேதி, நம்ம இ.எஸ்.ஐ. மாதிரியான காப்பீட்டுத் திட்ட நோயாளிகளைப் பார்க்கும் வேலையிலிருந்து யூத மருத்துவர்கள் நீக்கப்பட்டார்கள். 25ஆம் தேதி, பள்ளி கல்லூரிகளில் 'கூட்ட நெரிசலைக் குறைக்க' என்று ஒரு சட்டம். புதிதாகச் சேரும் மாணவர்களில் யூதர்கள் 1.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாம் ஒரே ஏப்ரலில். அப்போது ஜெர்மனியில் யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர். மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை.

சரி, ஆரியர் அல்லாதவர் என்றால் யார்? ஏப்ரல் 7 சட்டத்தில் விளக்கம் இல்லை. நான்கு நாள் கழித்து, 11ஆம் தேதி, ஒரு விதி வந்தது. பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டி நால்வரில் ஒருவரோ ஆரியர் அல்லாதவராக இருந்தால் போதும், நீங்களும் ஆரியர் அல்லாதவர். அதிலும் அந்த முன்னோர் யூத மதத்தைச் சேர்ந்தவராக இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. இந்த இடத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். இனம், இரத்தம், மண்டையோட்டு அளவு என்று அத்தனை வருஷம் பேசிய கட்சி, சட்டம் எழுத உட்கார்ந்தபோது இரத்தத்தை அளக்க ஒரு கருவியும் கையில் இல்லை. கடைசியில் போய் நின்ற இடம் பாட்டியின் மதம். அதற்கு ஆதாரம் சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, யூதத் தொழுகைக்கூடத்துப் பதிவேடு. அதாவது 'இனம்' என்று பெயர் வைத்து மதத்தைத்தான் எண்ணினார்கள், அதுவும் உங்கள் மதத்தை அல்ல, உங்களைக் கேட்காமலே உங்கள் தாத்தாவின் மதத்தை. நீங்கள் பிறந்தது முதல் கிறிஸ்தவராக இருந்தாலும் கணக்கு மாறாது.

இந்த 'ஆரியர்' என்பதற்கு நேர்மறையான இலக்கணமே அந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது. யார் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தது. மொழிக் குடும்பத்துக்கு வைத்த பெயரை இரத்தத்துக்கு வைக்காதீர்கள் என்று மாக்ஸ் முல்லர் 1880களிலேயே எழுதிவிட்டார். தமிழ் வாசகர்களுக்கு இது புரிய நேரம் ஆகாது. 'திராவிட' என்ற சொல்லைக் கால்டுவெல் 1856இல் மொழிக் குடும்பத்துக்காக எடுத்தார். அது பிறகு எங்கெங்கே போயிற்று என்று நமக்குத் தெரியும். மொழிக்கு வைத்த பெயர் மனிதர்கள் மேல் ஏறுவது எங்கும் நடந்திருக்கிறது. அதைக் காட்டி ஒருவரின் சம்பளத்தை நிறுத்தும் அதிகாரம் ஓர் அரசின் கைக்கு வந்ததுதான் 1933இல் புதிது.

இதன் பிறகு ஜெர்மனி முழுக்க 'ஆரியச் சான்று' என்று ஒரு காகிதத் தொழிலே கிளம்பியது. அரசு வேலை வேண்டுமா, கட்சியில் சேர வேண்டுமா, சான்று காட்டு. தாசில்தார் ஆபீஸில் வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு நிற்பது மாதிரி, பாதிரியார் வீட்டு வாசலில் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு நகலுக்கு ஜனங்கள் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் நாஜி வெறியர்கள் அல்ல, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவர்கள். ஆனால் அந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்யும் ஒவ்வொருவரும், 'நான் அவர்களில் ஒருவன் இல்லை' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது அடையாறுக்கு வருகிறேன்.

அடையாறு நூலகத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு எஃப். ஓட்டோ ஷ்ராடர் என்ற பெயர் தெரிந்திருக்கும். ஹாம்பர்க்கில் பிறந்தவர். 1905 முதல் அந்த நூலகத்தின் இயக்குநர். பாஞ்சராத்திர ஆகமங்களைப் பற்றி அவர் எழுதிய அறிமுக நூல் 1916இல் அடையாறிலிருந்தே வந்தது. வைணவ ஆகமம் படிப்பவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது. முதல் உலகப் போர் வந்ததும் ஆங்கிலேய அரசு அவரைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தது. குற்றம் ஒன்றும் இல்லை. அவர் ஜெர்மானியர், அவ்வளவுதான்.

அதே அகமத்நகரில் அதே காரணத்துக்காக அடைபட்ட இன்னொருவர் ஓட்டோ ஸ்ட்ராவுஸ். 1881இல் பெர்லினில் பிறந்து, கீல் நகரில் பவுல் டாய்சனிடம் இந்தியத் தத்துவம் படித்தவர். விவேகானந்தர் 1896இல் வீடு தேடிப் போய்ச் சந்தித்த அதே டாய்சன்தான். ஸ்ட்ராவுஸ் 1913இல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். வந்த அடுத்த வருஷம் போர். முகாமில் சும்மா இருக்காமல் ரஷ்ய மொழி கற்றுக்கொண்டு, பிறகு ஷெர்பாட்ஸ்கியின் பௌத்தத் தர்க்க நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். விடுதலையான பிறகு ஷ்ராடர், ஸ்ட்ராவுஸ் இருவரும் கீல் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியர்கள் ஆனார்கள். 1928இல் ஸ்ட்ராவுஸ் ப்ரெஸ்லாவில் முழுப் பேராசிரியர். அவருடைய 'இந்தியத் தத்துவம்' 1925இல் வந்திருந்தது.

ஜெர்மானியர் என்பதற்காக வருஷக்கணக்கில் முள்வேலிக்குள் இருந்த அந்த மனிதரிடம், 1935இல் ஜெர்மனி சொன்னது: நீ ஜெர்மானியன் இல்லை. வேலை போயிற்று. ஷ்ராடருக்குப் போகவில்லை. இருவருக்கும் ஒரே ஆசிரியர் மரபு, ஒரே முகாம், ஒரே பல்கலைக்கழகம். வித்தியாசம் பதிவேட்டில் இருந்தது.

1933இல் எல்லாரையும் தூக்கிய சட்டத்தில் சிலர் மட்டும் 1935 வரை எப்படித் தப்பினார்கள் என்று கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கிழவர், போர்முனையில் நின்ற யூதச் சிப்பாயை வேலையிலிருந்து நீக்குவது தகாது என்று ஹிட்லருக்குக் கடிதம் எழுதினார். அதனால் மூன்று விலக்குகள் வந்தன: 1914 ஆகஸ்டு 1க்கு முன்பிருந்தே பணியில் இருப்பவர், போர்முனையில் சண்டையிட்டவர், தகப்பனையோ மகனையோ போரில் பறிகொடுத்தவர். அரசு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் இதில் தப்பிவிட்டார்கள். யூத வழக்கறிஞர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தொழிலில் தொடர முடிந்தது. யூதர்கள் போரில் ஏமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாஜிகள் பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சொந்தச் சட்டத்தின் கணக்கே அதைப் பொய் என்று காட்டிவிட்டது. ஆனால் இந்த விலக்கு செய்த இன்னொரு வேலையும் இருக்கிறது. 'இதோடு முடிந்தது, நாம் பிழைத்தோம்' என்று பலரை நம்ப வைத்தது. கிளம்பியிருக்க வேண்டிய இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

1934 ஆகஸ்டில் ஹிண்டன்பர்க் செத்துப்போனார். 1935 செப்டம்பர் 15 அன்று நியூரம்பெர்க்கில் கட்சி மாநாட்டோடு நாடாளுமன்றத்தைக் கூட்டி இரண்டு சட்டங்கள் நிறைவேற்றினார்கள். ஒன்று குடியுரிமை பற்றியது: அரசியல் உரிமை உள்ள 'ராய்ஷ் குடிமகன்' ஒரு வகை, வெறுமனே அரசின் ஆளுகைக்கு உட்பட்டவன் இன்னொரு வகை. யூதர் இரண்டாவது வகை. இன்னொன்று இரத்தம் பற்றியது: யூதருக்கும் மற்றவருக்கும் திருமணம் கூடாது, உறவு கூடாது, 45 வயதுக்குக் குறைந்த 'ஜெர்மன் இரத்த'ப் பெண்ணை யூதர் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, யூதர் தேசியக் கொடி ஏற்றக் கூடாது. நவம்பர் 14 விதியில் பாட்டிக் கணக்கு திருத்தப்பட்டது. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூத மதம் என்றால் முழு யூதர். இருவர் என்றால் 'கலப்பு'; ஆனால் யூதரை மணந்திருந்தால், யூதச் சமூகத்தில் உறுப்பினராக இருந்தால், முழு யூதர். மிச்சமிருந்த யூத அரசு ஊழியர்கள் அத்தனை பேரும் அந்த டிசம்பர் 31க்குள் வீட்டுக்கு. போர்முனை விலக்கு அதோடு தீர்ந்தது.

ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். நியூரம்பெர்க் சட்டங்களில் 'ஆரியர்' என்ற சொல் இல்லை. 'ஜெர்மன் அல்லது அதற்கு இணையான இரத்தம்' என்று மாறிவிட்டது. 'ஆரியர் அல்லாதவர்' என்றால் ஜப்பானியரும் துருக்கியரும் அதில் அடங்கிவிடுவார்களே, அவர்களோடு உறவு கெடுமே என்று வெளியுறவுத் துறைக்குக் கவலை. இந்தியர்களிடமிருந்தும் ஆட்சேபம் வந்தது. ஆக, இரண்டரை வருஷம் ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பைக் கெடுத்த பிறகு, சொல் சரியில்லை என்று சொல்லை மட்டும் மாற்றினார்கள். வேலை இழந்தவர் யாரும் அதனால் வேலைக்குத் திரும்பவில்லை.

சொல் சட்டத்திலிருந்து போனாலும் பல்கலைக்கழகத்திலிருந்து போகவில்லை. மியூனிக்கில் லூசியன் ஷெர்மன் என்ற யூத இந்தியவியலாளர் இருந்தார். 1907 முதல் அங்குள்ள இனவியல் அருங்காட்சியகத்தின் இயக்குநர், இலங்கை, இந்தியா, பர்மா என்று சுற்றி அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேர்த்தவர். 1933இல் அவரை அனுப்பிவிட்டார்கள். அதே மியூனிக்கில் வால்டர் வ்யூஸ்ட் என்ற வேத அறிஞர் 'ஆரியப் பண்பாடு மற்றும் மொழியியல்' என்று பெயர் மாற்றிய இருக்கையில் அமர்ந்தார். பிறகு ஹிம்லரின் எஸ்.எஸ். படைக்குச் சொந்தமான 'முன்னோர் மரபு' ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவர், 1941இல் பல்கலைக்கழகத்துக்கே ரெக்டர். இருவரும் ரிக்வேதம் படித்தவர்கள்தான். சமஸ்கிருதம் படித்தால் மனசு விரியும் என்றோ கெடும் என்றோ பொதுவாகச் சொல்கிறவர்களுக்கு இந்த ஜோடியைக் காட்டலாம்.

அடையாறின் கணக்கையும் எழுதாமல் விடுவது நியாயம் இல்லை. பிரம்மஞான சபையின் முதல் நோக்கமே இனம், மதம், பால், சாதி, நிறம் பாராத மனித சகோதரத்துவம். நாஜிகள் 1937இல் ஜெர்மனியில் அந்தச் சபையைத் தடை செய்தார்கள். ஆனால் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் எழுதிய 'இரகசியக் கோட்பாடு' நூலில் 'மூல இனங்கள்' வரிசையில் ஐந்தாவதாக ஆரிய இனம் வருகிறது. வியன்னாவிலும் ஜெர்மனியிலும் சில மறைஞானக் குழுக்கள் அதை எடுத்து, சகோதரத்துவத்தைக் கழற்றிவிட்டு, இனத்தை மட்டும் வைத்துக்கொண்டன. நாஜிசம் அடையாறில் பிறந்தது என்று சிலர் எழுதுவது அபத்தம். அதேபோல அந்தச் சொல்லுக்கு ஒரு மாய ஒளியைச் சேர்த்ததில் அடையாறுக்குப் பங்கே இல்லை என்பதும் சரியாக வராது.

பெட்டி ஹைமன் என்ற பெயர் நம்மிடம் அதிகம் தெரியாது. இலங்கையில் கொஞ்சம் தெரியும். 1888இல் பிறந்தவர். 1923இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் கற்பிக்கும் தகுதி பெற்றார். ஒரு பெண் ஜெர்மனியில் அந்த இடத்துக்கு வருவது அப்போது சாதாரணம் இல்லை. 1931-32இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். 1933இல் அவர் லண்டன் போயிருந்த சமயத்தில்தான் ஹாலேயில் பணி நீக்கம். திரும்பிப் போக வீடு இருந்தது, வேலை இல்லை. லண்டனிலேயே தங்கி, கீழைக்கல்விப் பள்ளியில் பாடம் நடத்தினார். 1945இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அவரைக் கொழும்புக்கு அழைத்து சமஸ்கிருதப் பேராசிரியர் பதவி கொடுத்தது. 57 வயதில். ஜெர்மனியில் அவருக்கு முழுப் பேராசிரியர் இருக்கை கிடைக்கவே இல்லை, கொழும்பில் கிடைத்தது.

அவ்வளவு அழகாக எல்லா இடத்திலும் நடக்கவில்லை. பெங்களூர் கதையைச் சொல்ல வேண்டும். இவர் சமஸ்கிருதக்காரர் இல்லை, இயற்பியல்காரர். ஆனால் அதே ஏப்ரல் 7 சட்டம்தான்.

கோட்டிங்கனில் மாக்ஸ் போர்ன். குவாண்டம் இயக்கவியலுக்குக் கணித வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர். ஹைசன்பர்க் அவரிடம் உதவியாளராக இருந்தவர். நம்ம எஸ். சந்திரசேகர், பிரசிடென்சி காலேஜ் முடித்து கேம்பிரிட்ஜ் போனவர், 1931 கோடையை கோட்டிங்கனில் போர்னின் நிறுவனத்தில் கழித்தார். போர்ன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், 1914இல் லூத்தரன் சபையில் ஞானஸ்நானம் வாங்கியவர். பதிவேடு அதைப் பார்க்கவில்லை. 1933 ஏப்ரல் கடைசியில் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியல் செய்தித்தாளில் வந்தது. அதில் தன் பெயரைப் படித்துத்தான் அவருக்கு விஷயமே தெரியும். அவருடைய சக பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிராங்க், நோபல் பரிசு வாங்கியவர், போர்முனை விலக்கு இருந்தும், அந்தச் சலுகை எனக்கு வேண்டாம் என்று தாமாகவே ராஜினாமா செய்தார். 1938-39 வாக்கில் கணக்குப் பார்த்தால் ஜெர்மன் பல்கலைக்கழக ஆசிரியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் போயிருந்தார்.

போர்ன் கேம்பிரிட்ஜில் தற்காலிக வேலையில் ஒண்டிக்கொண்டிருந்தபோது சி.வி. ராமனிடமிருந்து அழைப்பு வந்தது. ராமன் 1933இல்தான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆகியிருந்தார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஹிட்லர் துரத்திய மேதைகளில் சிலரையாவது இங்கே கொண்டுவந்துவிட்டால் இந்திய இயற்பியல் ஒரே பாய்ச்சலில் மேலே போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டார். சரியான கணக்கு. போர்னும் மனைவி ஹெடியும் 1935 கடைசியில் வந்து ஆறு மாதம் போல இருந்தார்கள். ஊர் பிடித்திருந்தது. ராமன் அவருக்கு நிரந்தரமாகக் கணித இயற்பியல் பேராசிரியர் பதவி உருவாக்க முயன்றார்.

அதற்கான கூட்டத்தில் போர்னும் உட்கார்ந்திருந்தார். ராமன் அவரைப் புகழ்ந்து பேசி முடித்ததும், புதிதாக வந்து சேர்ந்திருந்த ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர் எழுந்தார். சொந்த நாடே துரத்திவிட்ட இரண்டாம் தர அந்நியர் ஒருவர் நமக்கு எதற்கு என்ற பொருளில் பேசினார். போர்ன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பதவி கிடைக்கவில்லை. 1936இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொண்டது. 1954இல் நோபல் பரிசு. ராமனுக்கும் கழக நிர்வாகத்துக்கும் ஏற்கெனவே இருந்த உரசலில் இதுவும் சேர்ந்துகொண்டது. 1937இல் அவர் இயக்குநர் பதவியை விட வேண்டியதாயிற்று. ராமனின் முரட்டுத்தனமும் ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஆஸ்டன் எடுத்த ஆயுதம் எது என்று பாருங்கள். அவர் நாஜி இல்லை, யூத வெறுப்பாளர் என்று சொல்லவும் ஆதாரம் தேவை. பெர்லின் செய்த அநியாயத்தையே போர்னின் தகுதிக் குறைவுக்குச் சான்றாக நீட்டினார், அவ்வளவுதான். துரத்தப்பட்டவன் என்ற முத்திரை ஆளோடு கப்பல் ஏறி பெங்களூர் வரை வந்துவிட்டது.

மைசூர் சமஸ்தானம் இதில் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டது. பெர்லினில் 1933இல் வேலை இழந்த யூதக் கட்டிடக்கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டிடக்கலைஞர் ஆனார். பெங்களூரில் அவர் வடிவமைத்த கட்டிடங்கள் இன்னும் நிற்கின்றன.

இதற்கிடையில் ஜெர்மனியில் கெசட் ஓடிக்கொண்டே இருந்தது. 1938 மட்டும் எடுத்துக்கொண்டால்: ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேல் சொத்து இருந்தால் பதிவு செய். ஜூலையில், யூத மருத்துவர்களின் உரிமம் ரத்து. ஆகஸ்டில், பெயரைப் பார்த்து யூதர் என்று தெரியாவிட்டால் ஆண் 'இஸ்ரேல்', பெண் 'சாரா' என்று கூடவே சேர்த்துக்கொள். செப்டம்பரில், மிச்சமிருந்த வழக்கறிஞர்களும் காலி. அக்டோபரில், பாஸ்போர்ட்டில் சிவப்பு 'ஜே' எழுத்து. நவம்பரில் தொழுகைக்கூடங்களை எரித்து, கடைகளை உடைத்துவிட்டு, அதற்கு யூதர்கள்தான் 100 கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும் என்று ஒரு ஆணை. யூதர் கடை வைக்கக் கூடாது என்று இன்னொன்று. யூதக் குழந்தைகள் ஜெர்மன் பள்ளிக்கு வரக் கூடாது என்று மற்றொன்று. 'அப்படியானால் கிளம்பிப் போயிருக்க வேண்டியதுதானே' என்று இன்று சுலபமாகக் கேட்கிறார்கள். கிளம்புவதற்கு 'தப்பியோடும் வரி' என்று ஒன்று இருந்தது, சொத்தில் கால்வாசி. நாஜிகளுக்கு முன்பே, 1931இல், பணக்காரர் வெளியேறுவதைத் தடுக்க வந்த வரி அது. 1934இல் அதன் வரம்பை 2 லட்சம் மார்க்கிலிருந்து 50,000க்கு இறக்கி யூதர்கள் மேல் திருப்பினார்கள். மீதிப் பணமும் முடக்கப்பட்ட கணக்கில் கிடந்து, மாற்றும்போது பெரும்பகுதி கரைந்துவிடும். கையில் காசில்லாதவருக்கு எந்த நாடு விசா கொடுக்கும்?

அப்படியும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு 1939 செப்டம்பரில் இன்னொரு அடி. போர் அறிவித்ததும் ஆங்கிலேய அரசு ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்த ஆண்களைப் பிடித்தது. நாஜிக் கட்சிக்காரனும் நாஜியிடமிருந்து ஓடிவந்த யூதனும் ஒரே வண்டியில் அகமத்நகர் போனார்கள். 'ஜே' முத்திரை குத்திய அதே பாஸ்போர்ட், அங்கே ஜெர்மானியன் இல்லை என்றது. இங்கே ஜெர்மானியன் என்றது. விசாரணை நடத்திப் பல யூதர்களைச் சில மாதங்களில் விட்டார்கள். 1940இல் நிலைமை மோசமானபோது சிலரை மறுபடி பிடித்தார்கள். அடையாறுக்கும் அது வந்தது. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்திருந்த மரியா மாண்டிசோரி யூதர் அல்ல, இத்தாலியர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அவரை வளாகத்துக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு மகன் மரியோவை முகாமுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டு 31, அம்மாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு, மகனை விடுவித்தார்கள். அந்தச் சலுகை உலகப் புகழ் பெற்ற அம்மாவுக்குக் கிடைத்தது. பெயர் தெரியாத அகதிகள் விசாரணைக் குழுவுக்குக் காத்திருந்தார்கள்.

ஸ்ட்ராவுஸ் இந்தியாவுக்குத் திரும்பி வரவில்லை. ப்ரெஸ்லாவை விட்டு ஹாலந்து போனார். 1940 மே மாதம் ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட்டது. அந்த அக்டோபரில் டச்சு அரசு ஊழியர்கள் எல்லாரிடமும் ஒரு பாரம் கொடுத்தார்கள்: நீயோ உன் பெற்றோரோ தாத்தா பாட்டியோ யூதரா, இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போடு. கிட்டத்தட்ட எல்லாரும் போட்டார்கள். அதே அக்டோபரில், 59 வயதில், ப்ளூமெண்டால் என்ற ஊரில் ஸ்ட்ராவுஸ் இறந்தார்.

1941 நவம்பர் 25 அன்று குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 11ஆவது விதி வந்தது. ஜெர்மனிக்கு வெளியே வசிக்கும் யூதர் யாராக இருந்தாலும் குடியுரிமை இழப்பார், சொத்து அரசுக்குச் சேரும். லண்டனிலோ பம்பாயிலோ இருந்தவர்களுக்கு அது கடைசிக் காகிதத்தையும் பிடுங்கிய விதி. ஆனால் அது எழுதப்பட்டது அவர்களை மனதில் வைத்து மட்டும் அல்ல. அந்த இலையுதிர் காலத்திலேயே யூதர்களை ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். எல்லையைத் தாண்டினால் 'வெளிநாட்டில் வசிப்பவர்'. ரயில் எல்லையைக் கடந்தவுடன், தானாகவே, சட்டப்படி, வீடும் வங்கிக் கணக்கும் மேஜை நாற்காலியும் அரசுக்குச் சொந்தம். ஒவ்வொரு ஆளுக்கும் தனி உத்தரவு எழுதும் வேலை மிச்சம்.

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தின் 116ஆவது பிரிவு, 1933 ஜனவரி 30க்கும் 1945 மே 8க்கும் இடையில் அரசியல், இன, மதக் காரணங்களுக்காகக் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. விண்ணப்பம் செய்தால். இன்றும் அந்த விண்ணப்பங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. தாத்தா பாட்டியின் பிறப்புப் பதிவு, பழைய பாஸ்போர்ட் என்று தேடிச் சேர்த்து, நகல் எடுத்து இணைக்கிறார்கள் பேரப்பிள்ளைகள்.